வியாழக்கிழமைகளில் கரையேறியவர்கள்

முதல் வியாழக்கிழமை பினீசியர்கள் வந்து இறங்கினார்கள். விடிந்து கொஞ்ச நேரம்தான் ஆகியிருந்தது, பலேர்மோவின் பழைய துறைமுகத்தில் படகுகள் சும்மா ஆடிக்கொண்டிருந்தன, மீன் சாப்பாட்டுக் கடையின் வாசற்படியை யோகமலர் வாளியும் தும்புத்தடியுமாகக் கழுவிக்கொண்டிருந்தாள், பக்கத்து மூலையில் நுன்ஸியா கடலைமாவைக் கிண்டி ஆறவைத்து வில்லை வில்லையாக வெட்டிப் பொரிக்கிற பனெல்லேக்காக எண்ணெய்ச் சட்டியை அடுப்பில் ஏற்றியிருந்தாள், அந்த வேளையில் கடலுக்குள்ளிருந்து ஒரு மரக்கப்பல் வந்து, சங்கு ஊதாமல், ஆர்ப்பாட்டம் பண்ணாமல், தினமும் வந்து போகிற கப்பல் மாதிரி கரையோடு ஒட்டி நின்றது. ஊதாக் கரை போட்ட துணி உடுத்த ஆண்களும் பெண்களும் முழங்கால்வரை நனைந்து அதிலிருந்து இறங்கினார்கள். இறங்கியதும் எல்லோரும் ஒருமுறை திரும்பிக் கடலைப் பார்த்தார்கள். பிறகுதான் தண்ணீர் கேட்டார்கள். கையைக் குவித்து வாயருகே கொண்டுபோனால் அதற்கு எந்தக் காலத்திலும் ஒரே அர்த்தம்தான். யோகமலர் தும்புத்தடியைச் சுவரில் சாத்திவிட்டு உள்ளே போய்க் குடிதண்ணீர்க் குழாயைத் திறந்து விட்டாள்.

"சினிமாக்காரர்கள்" என்றாள் நுன்ஸியா, வில்லைகளை எண்ணெயில் நழுவ விட்டபடி. "நாளைக்கு ரோட்டை மறிப்பார்கள், பார்."

ரோட்டை யாரும் மறிக்கவில்லை. வந்தவர்கள் பனெல்லேயைத் தின்றார்கள், கண்ணாடி மணிகள் கொஞ்சத்தை மேசையில் வைத்தார்கள், மூவாயிரம் வருஷத்துக்கு முன்னால் இந்த ஊரைக் கட்டியவர்கள் தாங்கள்தான், எங்கள் தெரு எந்தப் பக்கம் என்று சைகையால் விசாரித்துக்கொண்டு சந்தைப் பக்கமாக நடந்து போனார்கள். பலேர்மோ எதற்கும் லேசில் வாயைப் பிளக்கிற ஊரல்ல. பஸ் சொன்ன நேரத்துக்கு வந்தால்தான் அங்கே சனம் திகைத்து நிற்கும். பினீசியர் வந்ததற்கெல்லாம், ஓ அப்படியா, எங்கே தங்குகிறார்களாம் என்பதோடு சரி. பாதிரியார் கோயில் மண்டபத்தைத் திறந்து விட்டார். அவர்கள் கும்பிடுகிற தெய்வங்களின் பெயர் தெரியவந்ததும் மூடப் பார்த்தார். அதற்குள் அவர்கள் குழந்தை குட்டிகளோடு அசந்து தூங்கிவிட்டிருந்ததால் குளிர் வராமல் கதவைச் சாத்திவிட்டுப் போனார்.

அடுத்த வியாழன் வருவதற்குள் அவர்களைத் தனியாகப் பிரித்துச் சொல்ல முடியாமல் போய்விட்டது. எங்கேயும் போகவில்லை, ஊருக்குள் கலந்துவிட்டார்கள், அவ்வளவுதான். கப்பலிலிருந்து இறங்கும்போது யோகமலர் கை கொடுத்துத் தூக்கிவிட்ட ஒரு பெண் முட்டைக்காரிகள் வரிசையில் உட்கார்ந்திருந்தாள். விசாரித்தால், இவளா, இவள் எப்போதும் இங்கேதானே இருக்கிறாள், இவளுடைய அம்மாவும் இங்கேதான் முட்டை விற்றாள் என்றார்கள்.

இரண்டாம் வியாழன் கிரேக்கர்கள் வந்து மீன் விலையைக் கேட்டுவிட்டு மத்தியானம்வரை வாதாடினார்கள், பிறகு அவர்களே மீன் விற்கத் தொடங்கினார்கள். அதற்கடுத்த வியாழன் ரோமர்கள் வரிசை கலையாமல் இறங்கி, தெருக்களின் குண்டு குழிகளைப் பார்த்துத் தலையில் அடித்துக்கொண்டு, யாரும் கேட்காமலே ஒரு சந்துக்குக் கல் பதித்துக் கொடுத்தார்கள். கொள்ளைக்குப் பேர்போன வண்டல்கள் வருகிறார்கள் என்று கேள்விப்பட்டு ஊர் முழுக்கக் கடைகளின் இரும்புக் கதவை இழுத்துப் பூட்டிக்கொண்டிருக்க, அந்தப் பாவங்கள் வந்து துறைமுகச் சுவரோரம் படுத்து நாள் முழுக்க உறங்கினார்கள். பைசாந்தியர்கள் வந்து கோயில்களின் பொன் ஓவியங்களுக்கு முன்னால் நின்று யாருடைய மூக்கு கோணல் என்று கிசுகிசுத்தார்கள். அராபியர்கள் வந்து, இங்கே ஓடிக்கொண்டிருந்த ஆறு எங்கே என்று கேட்டார்கள், ரோட்டுக்குக் கீழே புதைத்துவிட்டோம் என்று சொன்னதும் ரோட்டோரம் குந்தியிருந்து காதைத் தரையில் வைத்துக் கேட்டார்கள். நோர்மானியர் வந்து வெயிலில் முகம் உரிந்து மருந்துக் கடையின் களிம்பு முழுவதையும் தீர்த்தார்கள். எழுநூறு சொச்ச வருஷத்துக்கு முன்னால் இந்த ஊர் கொதித்தெழுந்து விரட்டிய பிரெஞ்சுக்காரர்கள் வந்தபோது மட்டும் யாரும் அறை கொடுக்கவில்லை, நுன்ஸியாகூட எண்ணெய்ச் சட்டியை மூடிவைத்தாள், பின்னேரம் மழை பிடித்துக்கொண்டபோது, சரி சரி உள்ளே வந்து தொலையுங்கள், அதற்காக மன்னித்துவிட்டேன் என்று நினைக்காதீர்கள் என்று அவளே முதலில் கதவைத் திறந்தாள்.

வந்தவர்கள் எல்லோரையும் குடியேற்ற அலுவலகம் விரல் அடையாளம் வைக்கக் கூப்பிட்டது. மற்ற எதற்கும் திகைக்காவிட்டாலும் இதற்குத் திகைக்காமல் யாராலும் இருக்க முடியாது. குதிரையோடு வந்த வீரர்களும், கடவுளுக்கே பயப்படாதவர்களும் அந்த வரிசையில் நின்று கண் கலங்கினார்கள். அங்கேதான் தமிழர்கள் புகுந்தார்கள். பலேர்மோவில் முப்பது நாற்பது வருஷமாக வாழ்கிற யாழ்ப்பாணத்துச் சனத்துக்கு, எந்தக் கதவில் நின்றால் எந்த அதிகாரி வருவார், யாரிடம் பேசக்கூடாது, வீசா புதுப்பிக்கப் போகிறவர்கள் எந்த மூலையில் உட்கார்ந்தால் சூடான காற்று வரும் என்பதெல்லாம் தண்ணி பட்ட பாடு. தமிழர் மன்றத்துத் தலைவர் பரராசசிங்கம், எல்லோருக்கும் பரா அண்ணை, வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு வாசலில் நின்று ஹன்னிபால் காலத்துக்கு முந்தியவர்களுக்கெல்லாம் வழி காட்டினார்.

"இப்பதான் வந்த சனம், பாவங்கள்" என்பார் பக்கத்தில் நிற்பவரிடம். "ஒண்டும் தெரியாது. நாங்கள்தானே பாக்கவேணும்."

இத்தனை வருஷம் கடைசியாக வந்தவர்களாகவே இருந்து களைத்தவர்களுக்கு, தங்களுக்குப் பிறகு வந்தவர்கள் என்று ஒரு கூட்டம் கிடைத்ததில் இருந்த சந்தோஷத்தை யாரும் குறை சொல்ல முடியாது. பெண்கள் குழல் புட்டு அவித்துக்கொண்டு போய் வரிசையில் நிற்பவர்களுக்குக் கொடுத்தார்கள். நோர்மானியருக்கு அடுத்து ஜேர்மனிப் பக்கத்திலிருந்து வந்த சுவாபியர்கள் அதை விரும்பவில்லை. பிரெஞ்சுக்காரருக்கு அடுத்த கிழமை வந்த அரகோனியர்கள் இரண்டாம் முறை கேட்டார்கள்.

யோகமலர் எல்லா வியாழனும் அங்கே நின்றாள். படி கழுவுகிற வேலை அவளுக்கு அந்த நேரத்தில்தான், ஆனால் வேலை முடிந்த பிறகும் அவள் போகவில்லை. ஒவ்வொரு கூட்டமும் இறங்கியதும் ஒருமுறை திரும்பிக் கடலைப் பார்ப்பதை அவள் கவனித்திருந்தாள். அரசனோடு வந்தவர்களும் அப்படித்தான், அகப்பையோடு வந்தவர்களும் அப்படித்தான். ஏன் பார்க்கிறார்கள் என்று அவள் கேட்கவில்லை, ஏனென்றால் அவளும் அந்தக் கடலை அப்படித்தான் பார்த்துக்கொண்டிருந்தாள், இந்த வியாழக்கிழமைகளெல்லாம் தொடங்குவதற்கு எவ்வளவோ காலத்துக்கு முன்னாலிருந்து.

அவளுடைய புருஷன் அருமைநாயகம் யாழ்ப்பாணத்து உரும்பிராயில் பிறந்தவன். செம்பாட்டு மண்ணில் மரவள்ளியும் வெங்காயமும் வைத்த சாதி, கிணற்றுக்குள் தண்ணீர் ஆழமாக இருந்தாலே எட்டிப்பார்க்கப் பயப்படுகிறவன், நீந்தத் தெரியாதவன். தொண்ணூறுகளில் சண்டை வீட்டு வாசலுக்கு வந்தபோது இரண்டு பேரும் காணியை விற்று வெளிக்கிட்டார்கள். எங்கெங்கோ அலைந்து துருக்கிக்கு வந்தார்கள். அங்கே கரையில் ஏஜென்சிக்காரன் பெண்களையும் பிள்ளைகளையும் முதல் படகில் ஏற்றினான், ஆண்களை இரண்டாவது படகில் ஏற்றினான், கரையிலே சந்திக்கலாம் என்றான். முதல் படகை இத்தாலியக் கடற்படைக் கப்பல் ஒன்று கட்டி இழுத்து இந்தத் துறைமுகத்துக்குக் கொண்டுவந்தது. யோகமலர் நனைந்த சுவெற்றரோடு இறங்கி, முதலில் கண்ட தமிழ் முகத்திடம் போய், மற்றப் படகு வந்திட்டுதோ என்று கேட்டாள்.

அந்தத் தமிழ் முகம் பரா அண்ணையுடையது. அப்போது அவருக்கு முப்பது வயதுகூட இல்லை. மொழிபெயர்க்க ஆள் வேண்டுமென்று பொலிஸ் அவரைக் கூட்டி வந்திருந்தது. இரண்டாவது படகு கவிழ்ந்துபோனது, ஒருவரும் தப்பவில்லை என்று கொஞ்ச நேரத்துக்கு முன்தான் ரேடியோவில் வந்திருந்தது, அதைத் தமிழர்களில் அவர்தான் முதல் ஆளாகக் கேட்டிருந்தார்.

எங்கள் சனத்திடம் ஒரு பழக்கம் இருக்கிறது. சாவுச் செய்தியை ஒரே மூச்சில் சொல்லமாட்டார்கள். தூர இருக்கிற மகனுக்கு அப்பா செத்துப்போனால், கொஞ்சம் சுகமில்லையாம் வெளிக்கிட்டு வா என்பார்கள். பாதி வழியில் இன்னொருவர், கடுமையாம் என்பார். வீட்டுக்குக் கிட்ட வந்ததும் வயதான ஒருவர் வந்து கையைப் பிடித்துக்கொள்வார், பந்தலைக் கண்டு மிச்சத்தை அவனே விளங்கிக்கொள்வான். கெட்ட பழக்கம் என்று சொல்லிவிட முடியாது, விழுகிறவனைப் படிப்படியாக இறக்கி விடுகிற அன்புதான் அது. பரா அண்ணையும் முதல் படியைச் சொன்னார். "பிள்ளை யோசிக்காதையும். அவை வேற துறைமுகத்தில இறங்கியிருப்பினம்" என்றார்.

அடுத்த படியைச் சொல்ல ஒருவரும் வரவில்லை. அதைச் சொல்லவேண்டிய பெரியவர்கள் உரும்பிராயில் இருந்தார்கள், உரும்பிராய்க்குக் கடிதம் போகவில்லை, போனபோது அங்கே அவர்கள் இல்லை. பலேர்மோவில் இருந்தவர்கள் ஒவ்வொருவரும் மற்றவர் சொல்லியிருப்பார் என்று நினைத்தார்கள். அவள் பொட்டும் தாலியுமாகக் கலியாண வீட்டுக்கு வந்து நின்றபோது, சொல்லியும் அவள் ஏற்றுக்கொள்ளவில்லைப்போல என்று நினைத்தார்கள். பிறகு காலம் போய், இனிச் சொல்வது ஒரு பாவம் மாதிரி ஆகிவிட்டது. முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிச் சடங்கு இல்லை, திவசம் இல்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் மற்றத் தமிழர்களோடு வெறுங்காலால் மலையேறிப் போய்க் குகைக்குள் இருக்கும் ஊரின் காவல் புனிதை சாந்தா ரொசாலியாவிடம் அவள் ஒரே வேண்டுதலைத்தான் வைத்தாள். அவளுக்குத் தெரியாதா என்றால், தெரியும். ஆனால் ஒருவரும் சொல்லவில்லை. சொல்லாத சாவுக்கு எப்படி அழுவது?

ஸ்பானியர்கள் வந்து, குடியேற்ற அலுவலகத்து வரிசையைப் பார்த்து முகம் மலர்ந்து, இதைத் தொடங்கிவைத்ததே நாங்கள்தான் என்று பெருமைப்பட்ட கிழமையில், நுன்ஸியாவின் மருமகன் ஒராட்ஸியோ துறைமுகத்துக்கு வந்தான். பள்ளிக்கூடத்தில் சரித்திரம் படிப்பிப்பவன். பாடப் புத்தகம் வாராவாரம் நடந்து வந்து இறங்கத் தொடங்கியதிலிருந்து பிள்ளைகள் புத்தகத்தைத் திறப்பதில்லை என்று அவனுக்கு எரிச்சல். அதைவிட எரிச்சல், வந்தவர்கள் சரியான இடத்தில் இறங்காதது.

"நோர்மானியர்கள் மெசினாவில்தான் இறங்கவேண்டும்" என்றான். "இனி வரப்போகிற சிவப்புச் சட்டைக்காரர்கள் மர்சாலாவில். எல்லோரும் இங்கே வந்து இறங்கினால் நான் பரீட்சையில் என்ன கேட்பது?"

"கடல் உன் புத்தகத்தைப் படிக்கவில்லை போலிருக்கிறது" என்றாள் நுன்ஸியா. "ஒழுங்கு மட்டும் தப்பவில்லைதானே. இனி யார்?"

"நேப்பிள்ஸ் ராஜாவின் ஆட்கள். பிறகு அவர்களை விரட்டி இத்தாலியை ஒன்றாக்கின சிவப்புச் சட்டைகள். பிறகு நாற்பத்து மூன்றில் வந்த அமெரிக்கர்கள். அதோடு..." ஒராட்ஸியோ நிறுத்தி, வாளியோடு நின்ற யோகமலரைப் பார்த்தான். "அதோடு நீங்கள்தான், யோகா. நீங்களும் வந்தவர்கள்தானே."

அவள் பெயர் முழுவதும் அவர்கள் வாயில் நுழைவதில்லை, அதை அவள் பெரிதாக எடுப்பதில்லை. அன்றைக்கு அவன் பெயரைச் சொன்னதே அவள் காதில் விழவில்லை. வாளித் தண்ணீர் காலில் கொட்டி, சப்பாத்து நனைந்து, அப்படியே நின்றாள். இதுவரை வந்தவர்கள் எல்லோரும் செத்தவர்கள். பலேர்மோவுக்கு வந்த தமிழர்கள் அநேகமாக எல்லோரும் உயிரோடு இருக்கிறார்கள், இந்த நேரத்தில் புட்டு அவித்துக்கொண்டும் வரிசையில் நின்றுகொண்டும் இருக்கிறார்கள். அப்படியென்றால் தமிழர்களின் வியாழக்கிழமையில் கடல் யாரைக் கொண்டுவரும்? கொண்டுவருவதற்கு அதனிடம் வேறு யார் இருக்கிறார்கள்?

அந்த நாளிலிருந்து அவள் வேறு ஆள். வாடகைக்கு இருந்த ஒற்றை அறைக்கு வெள்ளையடித்தாள், இன்னொரு தலையணை வாங்கினாள், நீலக் கோடு போட்ட சட்டை ஒன்று வாங்கிக் கழுவி அயர்ன் பண்ணி மாட்டினாள். வந்தவர்கள் எல்லோரும் தங்கள் காலத்து வயதிலேயே வந்தார்கள் என்பது நினைவுக்கு வந்தபோதுதான் அவளுக்குப் பயம் பிடித்தது. அவருக்கு முப்பத்தொன்று, எனக்கு ஐம்பத்தைந்து, என்னைக் கண்டு அம்மா வழி விடுங்கோ என்று சொல்லிவிட்டால் என்ன செய்வது என்று நுன்ஸியாவிடம் போய்க் கேட்டாள். நுன்ஸியா அவளைத் தன் சமையலறைக் கதிரையில் இருத்தி, தலைமுடிக்குக் கறுப்புச் சாயம் பூசினாள்.

"செத்துப்போன என் புருஷன் சால்வத்தோரே வந்தால் நான் கதவையே திறக்கமாட்டேன்" என்றாள் பூசிக்கொண்டே. "உன்னுடையவன் நல்லவனா?"

"கோபக்காரர். தேத்தண்ணி ஆறினால் கத்துவார்."

"அப்படியென்றால் நல்லவன்தான்" என்றாள் நுன்ஸியா, சாயம் வழிந்த நெற்றியைத் துணியால் துடைத்துவிட்டபடி.

சிவப்புச் சட்டைக்காரர்கள் வந்தார்கள், மீசை அரும்பாத பிள்ளைகள். முந்தின கிழமை வந்த ராஜாவின் சிப்பாய்களோடு ஒரே அறையில் தங்கி, யார் யாரைச் சுட்டது என்று ஞாபகப்படுத்திப் பார்த்து, ஞாபகம் வராமல், சேர்ந்து கோப்பி குடித்தார்கள். அமெரிக்கர்கள் வந்தார்கள், அவர்களில் சிலருக்குச் சிசிலியப் பேச்சு அந்த ஊர்க்காரர்களைவிட நன்றாக வந்தது, ஒருவன் தன் பாட்டனுடைய வீட்டைத் தேடிப் போய் அதிலேயே தங்கிவிட்டான். அடுத்த கிழமை தமிழர்களின் முறை என்று ஊர் முழுக்கத் தெரிந்தது. மன்றத்தில் கூட்டம் போட்டார்கள், யார் வடை சுடுவது யார் வரவேற்புரை வாசிப்பது என்று சண்டை பிடித்தார்கள், வரவேற்புரை வேண்டாம் என்று முடிவாயிற்று.

புதன்கிழமை பின்னேரம் பரா அண்ணை யோகமலரின் அறைக்கு வந்தார். கதிரையின் நுனியில் இருந்தார். வெள்ளையடித்த சுவரையும், மாட்டியிருந்த சட்டையையும், அவளுடைய கறுத்த தலையையும் பார்த்தார். அவள் தேத்தண்ணி கொடுத்தாள், அவர் அதைக் குடித்து முடித்துவிட்டு வெறும் கோப்பையை மறுபடியும் வாய்க்குக் கொண்டுபோனார்.

"நாளைக்கு நீர் கட்டாயம் வரத்தான் வேணுமோ?" என்றார்.

"ஏன் அண்ணை?"

"இல்லை, சும்மா கேட்டனான். கடற்கரைப் பக்கம் குளிராயிருக்கும்."

"நான் ஒவ்வொரு நாளும் விடிய அங்கைதானே நிக்கிறன்."

"ஓம், அதுவும் சரிதான்" என்றார். வாசல்வரை போய், சப்பாத்தைப் போட்டு, நாடாவை அவிழ்த்து மறுபடியும் கட்டி, ஏதோ சொல்ல வாயெடுத்து, "கதவைப் பூட்டும் பிள்ளை, காத்து வருது" என்று சொல்லிவிட்டுப் படியிறங்கிப் போனார். அவள் அவருக்காக இரக்கப்பட்டாள், அது ஏன் என்று தன்னையே கேட்டுக்கொள்ளவில்லை.

வியாழக்கிழமை விடிந்தபோது பழைய துறைமுகத்தில் பலேர்மோத் தமிழர் ஒருவர் பாக்கியில்லாமல் நின்றார்கள், பட்டுச் சேலையும் வேட்டியும், தேத்தண்ணிப் போத்தல்களும் வடைச் சட்டிகளுமாக. அவர்களுக்குப் பின்னால் இந்த ஊருக்கு எப்போதோ வந்து இந்த ஊராகவே ஆகிவிட்டவர்கள், முட்டைக்காரியும் மீன்காரர்களும் பஸ் ஓட்டுபவர்களும், வேடிக்கை பார்க்க நின்றார்கள். கடலிலிருந்து எத்தனையோ படகுகளும் கப்பல்களும் ஒன்றாக வந்தன, துருப்பிடித்தவையும் ஓட்டை அடைத்தவையும். அவற்றிலிருந்து இறங்கியவர்கள் செத்தவர்கள் அல்ல. கரையில் நின்றவர்களேதான் இறங்கினார்கள், இருபதும் இருபத்தைந்தும் வயதாக, எலும்பும் தோலுமாக, தலை நிறைய முடியோடு.

பிறகு ஒருத்தி தன் புருஷனைப் பார்த்து, "உங்களுக்கு இவ்வளவு முடி இருந்ததோ?" என்று கேட்டாள், அதோடு கரையே சிரித்தது. இறங்கியவர்கள் எல்லோரும், இறங்கினதும் இறங்காததுமாக ஒரே கேள்வியைத்தான் கேட்டார்கள், ஜேர்மனிக்கு எந்தப் பக்கத்தால போறது, பஸ் கிடக்கோ என்று. ஏனென்றால் அவர்களில் ஒருவர்கூட இந்த ஊரில் இருக்கப்போவதாக நினைத்து வரவில்லை. கரையில் நின்றவர்கள் அவரவரைக் கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு போய் இருத்தி, வடையைக் கொடுத்து, முதல்ல சாப்பிடு, பேந்து கதைப்பம் என்றார்கள். ஒரு மனிசன் தன் இளவயதுக்காரனிடம், சின்ன மாமாவுக்குக் கடைசியா ஒருக்கால் போன் எடுத்துக் கதைச்சிடு, தள்ளிப் போடாதை என்று சொல்லிவிட்டு முகத்தை மூடிக்கொண்டு அழுதார்.

யோகமலர் இதெல்லாம் பார்க்கவில்லை. அவள் ஒவ்வொரு படகையும் எட்டிப் பார்த்தபடி கரை நீளத்துக்கு நடந்தாள், ஆண்கள் முகத்தை எல்லாம் பார்த்தாள், திரும்பி நின்றவர்களைத் தோளில் தொட்டுத் திருப்பிப் பார்த்தாள். ஒரு முனையிலிருந்து மறு முனைக்குப் போய்த் திரும்பி வந்தாள். படகுகள் வெறுமையாயின. கடைசியாகக் கடற்படைக் கப்பல் கட்டி இழுத்து வந்த படகு ஒன்று நின்றது, அதிலிருந்து பெண்களும் பிள்ளைகளும் இறங்கினார்கள்.

அவர்களில் ஒருத்தி ஆம்பிளைகளின் சுவெற்றர் போட்டிருந்தாள், அதன் கை நீளமாகி விரல்களை மூடியிருந்தது. அது அருமைநாயகத்தின் சுவெற்றர். குளிரும் போட்டுக்கொள் என்று படகில் ஏறும்போது கழற்றிக் கொடுத்தது. அவள் திரும்பிக் கடலைப் பார்த்தாள், கரையைப் பார்த்தாள், பிறகு நேரே நடந்து வந்து யோகமலருக்கு முன்னால் நின்றாள்.

"அக்கா, நீங்கள் தமிழோ? மற்றப் படகு வந்திட்டுதோ அக்கா? எங்கட மனிசன் அதில வாறார்."

அந்தப் பெண்ணின் நெற்றியில் குங்குமம் உப்பில் கரைந்து ஒரு பக்கமாக வழிந்திருந்தது, கண் இமைக்காமல் பதிலுக்குக் காத்திருந்தது, அந்தக் கண்ணை யோகமலர் கண்ணாடியில் இத்தனை வருஷமும் பார்த்திருக்கிறாள். இனி அவர் வரப்போவதில்லை என்பது அவளுக்கு அந்த இடத்தில் அப்படியே தெரிந்தது. கடல் கரை சேர்ந்தவர்களைத்தான் கொண்டுவந்தது. மற்றவர்களைக் கொண்டுவரவில்லை, யாருக்குமே கொண்டுவரவில்லை.

பரா அண்ணை கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தார். அவர் முகம் சாம்பலாக இருந்தது, ஆனால் கால் பழகின வழியிலேயே வந்தது, வாயும் பழகின வழியிலேயே போனது. "பிள்ளை யோசிக்காதையும்" என்று தொடங்கினார் அந்த இளம்பெண்ணிடம். "அவை வேற..."

யோகமலர் அவருடைய கையைப் பிடித்தாள்.

"பொறுங்கோ அண்ணை" என்றாள். "நீங்கள் சொன்னது காணும். மிச்சத்தை நான் சொல்லுறன்."

அவர் தலையைக் குனிந்துகொண்டு அங்கேயே நின்றார். யோகமலர் அந்தப் பெண்ணின் இரண்டு கையையும், நீண்டு தொங்கிய சுவெற்றர்க் கைகளோடு சேர்த்து, தன் கைக்குள் எடுத்தாள். சரித்திரத்தில் இந்தத் துறைமுகத்தில் எத்தனையோ பேர் எத்தனையோ மொழியில் எதையெதையோ அறிவித்திருக்கிறார்கள், யுத்தங்களையும் ராஜாக்களையும் புதுச் சட்டங்களையும். யோகமலர் சொன்னது எல்லாவற்றிலும் சின்னது.

"தங்கச்சி, மற்றப் படகு கவிண்டு போச்சு. அவர் செத்திட்டார்."

அந்தப் பெண் அவளைப் பார்த்துக்கொண்டே நின்றாள். "ஆர் சொன்னது?" என்றாள்.

"நான் சொல்லுறன்."

"அவருக்கு நீந்தத் தெரியாதக்கா."

"ஓம். எனக்குத் தெரியும்."

"நான் இனிப் பாத்துக்கொண்டு இருக்கத் தேவையில்லையோ?"

"இல்லையம்மா. நீ இருக்காதை."

முதலில் அழுதது யார் என்று பிறகு ஊரில் ஆளுக்கொரு விதமாகச் சொன்னார்கள். இரண்டு பேரும் ஒரே மூச்சில் கல் தரையில் இருந்துவிட்டார்கள், ஒருத்தியின் தோளில் மற்றவள் முகத்தைப் புதைத்துக்கொண்டு, என்ர ராசா என்று தொடங்கி, செம்பாட்டு மண்ணையும் வெங்காயப் பாத்தியையும், ஆறின தேத்தண்ணிக்குக் கத்தின வாயையும், தனக்குக் குளிரக் குளிரக் கழற்றித் தந்த சுவெற்றரையும் ஒவ்வொன்றாகச் சொல்லிச் சொல்லி அழுதார்கள், அந்தக் குரல் துறைமுகச் சுவரில் பட்டுத் திரும்பியது. பரா அண்ணை கொஞ்சம் தள்ளி நிலத்தில் குந்தியிருந்து குழந்தைப்பிள்ளை மாதிரி விக்கினார். அவரை யாரும் எழுப்பவில்லை. தமிழ்ப் பெண்கள் வடைச் சட்டிகளைக் கீழே வைத்துவிட்டு வந்து சுற்றி இருந்தார்கள். நுன்ஸியா அடுப்பை அணைத்தாள், கடையின் இரும்புக் கதவை இந்த ஊரில் சாவுக்குச் செய்வதுபோலப் பாதிக்கு இழுத்து விட்டாள், ஏப்ரனைக் கழற்றிவிட்டு வந்து முழங்கால் நோக நோகத் தரையில் உட்கார்ந்தாள். முட்டைக்காரி வந்தாள். மீன்காரன் மனைவி வந்தாள். செம்பட்டை முடிக்காரிகள், மூக்கு நீண்டவர்கள், சந்தையில் எலுமிச்சை விற்கிறவர்கள், எந்த வியாழக்கிழமை எந்தக் கப்பலில் வந்தவர்கள் என்று யாருக்கும் நினைவில்லாத பெண்களெல்லாம் வந்து தலையில் துணியைப் போட்டுக்கொண்டு இருந்தார்கள். செத்த வீட்டில் எப்படி இருப்பது என்று அவர்களில் ஒருத்திக்கும் சொல்லிக்கொடுக்க வேண்டியிருக்கவில்லை.

மத்தியானம் வெயில் ஏறியதும் நுன்ஸியாதான் எழுந்து போய்த் தண்ணீர் கொண்டுவந்தாள். அப்போது அங்கே ஒரு யோகமலர்தான் இருந்தாள், மற்றவள் எப்போது காணாமல் போனாளென்று பக்கத்தில் இருந்தவர்களுக்கும் தெரியாது. கரையில் இறங்கின மற்ற இளவயதுக்காரர்களும் அப்படித்தான் அவரவருக்குள் கலந்துவிட்டிருந்தார்கள். அவள் தண்ணீரைக் குடித்தாள், சேலைத் தலைப்பால் நெற்றியைத் துடைத்தாள், பரா அண்ணையிடம், அந்தியேட்டிக்கு ஐயரைக் கேட்க வேணும் அண்ணை என்றாள், நானே போறன் என்று அவர் எழுந்தார்.

கடல் அதற்குப் பிறகு யாரையும் திருப்பிக் கொண்டுவரவில்லை. அருமைநாயகம் செத்து எத்தனை வருஷம் என்று யாராவது கேட்டபோது யோகமலர் விரல் விட்டு எண்ணவில்லை. "போன வியாழக்கிழமை" என்றாள் அந்தக் கிழமை முழுக்க, துக்கம் விசாரிக்க வந்த எல்லோரிடமும். சந்தைக்காரர்களும் ஆமாம் என்று தலையாட்டி, கதவுக்கு வெளியே செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்து, ஐயோ, இப்போதுதானே என்று அவள் கையைப் பிடித்துக்கொண்டார்கள்.